ஆறு மணித் தண்ணீர்

கமிகினே
2017 நவம்பர் 5

கமியா-சான் அவர்களுக்கு,

மலை உச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது. முள்ளங்கிகளைக் கயிற்றில் கட்டிக் காயப்போட்டாயிற்று. நகோயாவில் இன்னும் மெல்லிய சட்டைதான் போட்டுக்கொண்டிருப்பீர்கள். நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது. இனி சண்டை.

நீங்கள் வரைந்து அனுப்பிய ஸ்பிரிங்க்ளர் வரைபடம் வந்தது. அழகாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு அறையின் கூரையிலும் ஒரு சின்ன வட்டம், அதிலிருந்து ஒரு கோடு, எல்லாக் கோடுகளும் சேர்ந்து தெருக் குழாய்க்குப் போகின்றன. தீ பிடித்தால் தெருத் தண்ணீரே வந்து அணைத்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது.

அக்டோபரில் நீங்கள் வந்து தண்ணீரின் அழுத்தத்தை அளந்தது காலை பதினொரு மணிக்கு. எங்கள் ஊரில் அந்நேரம் தண்ணீரைத் தொட ஆள் கிடையாது. சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழு வரை வந்து பாருங்கள். தெருவில் முப்பத்திரண்டு வீடு, முப்பத்திரண்டு குளியல் தொட்டி, எல்லாம் ஒரே சமயத்தில் நிரம்பும். அந்நேரம் எங்கள் சமையலறையில் அரிசி கழுவ ஆரம்பித்தால் கழுவி முடிப்பதற்குள் பசியே போய்விடும். உங்கள் கூரையிலிருந்து தீயின் மேல் என்ன, கண்ணீரா விழும்?

எனக்கு இது விளையாட்டு இல்லை. மார்ச் 31க்குள் தீயணைப்பு நிலையத்தின் முத்திரை வாங்காவிட்டால் இந்த யுகினோஷிதா இல்லத்தை மூடச் சொல்லிவிடுவார்கள். ஞாபகம் நழுவிக்கொண்டிருக்கும் ஒன்பது பேர் இங்கே இருக்கிறார்கள். மூடினால் ஒன்பது பேரும் ஒன்பது ஊருக்குப் போவார்கள்.

பதிலைக் கடிதத்தில் எழுதுங்கள், தொலைபேசியில் கூப்பிடாதீர்கள். மணி அடித்தால் அந்த ஒன்பது பேரில் ஒருவரான ஓகுமா-சான்தான் ஓடிப்போய் எடுப்பார். நாற்பத்தைந்து வருடம் நாகாவோகாவில் நூடுல்ஸ் கடை நடத்திய அம்மா. யார் கூப்பிட்டாலும் ஆர்டர் எழுதிக்கொண்டு வைத்துவிடுவார்.

இகராஷி மித்சுஎ


நகோயா
2017 நவம்பர் 13

இகராஷி-சான் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் நலமாக இருப்பது கடிதத்தின் தொனியிலிருந்தே தெரிந்தது.

நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவு தந்த கணக்கையும் என் அளவையும் ஒப்பிட்டுத்தான் வரைந்தேன். தவறில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் இவ்வாக்கியத்தை எழுதியபின் இரண்டு நாள் கடிதத்தை அனுப்பாமல் மேசையில் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வசிப்பது பதினோராவது மாடியில். எங்கள் கட்டடத்தில் யார் எப்போது குளிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு தெருவே சேர்ந்து குளிக்கும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

தங்கள் இல்லம் மரவீடு. தீ பிடித்தால் நான்கு தெளிப்பான்கள் வரை திறக்கலாம். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு முப்பது லிட்டர் தர வேண்டும், பத்து நிமிடம் விடாமல். தெருக் குழாய் அதைத் தராது என்றால், ஆயிரத்து இருநூறு லிட்டர் தொட்டி ஒன்றும் ஒரு பம்ப்பும் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் உறைந்துவிடும். உள்ளே குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே இடம் வடக்கு அறை. தரையில் விரிக்கும் பாய்க் கணக்கில் ஒன்றரைப் பாய் அளவு இடம் போதும்.

தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கமியா ஷூஜி


கமிகினே
2017 நவம்பர் 19

கமியா-சான்,

போன கடிதத்தில் நான் எழுதியதை மறந்துவிடுங்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நேற்று ஆறு மணிக்கு நானே குழாயடியில் நின்று பார்த்தேன். தண்ணீர் பிரமாதமாக வருகிறது. அரிசி ஒரு நொடியில் கழுவியாயிற்று. உங்கள் முதல் வரைபடமே சரி. தொட்டி வேண்டாம்.

வடக்கு அறை நாலரைப் பாய். ஒருவர் தங்கும் அறைக்குச் சட்டம் கேட்கும் குறைந்த அளவும் அதேதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் அரைப் பாய் எடுத்தாலும் அது அறை இல்லை, கிடங்கு. அங்கே இருப்பவர் ஓகுமா-சான்.

மித்சுஎ


நகோயா
2017 நவம்பர் 28

இகராஷி-சான் அவர்களுக்கு,

ஒருமுறை காதில் விழுந்ததைக் கேட்காதது போல் என்னால் வரைய முடியாது. டிசம்பரில் ஒரு சாயங்காலம் வந்து அளந்து பார்க்கிறேன். தேதியை முன்கூட்டியே தெரிவிப்பேன்.

ஓகுமா-சானின் அறை என்று அறிந்திருந்தால் வடக்கு அறையைப் பற்றி அவ்வளவு சுலபமாக எழுதியிருக்கமாட்டேன். வரைபடத்தில் அறைகளுக்கு எண்தான் இருக்கிறது.

கமியா ஷூஜி


கமிகினே
2017 டிசம்பர் 16

கமியா-சான்,

வியாழக்கிழமை நீங்கள் பனியில் இவ்வளவு தூரம் வந்து போனதற்கு நன்றி. கால் ஈரமாகிவிட்டதே, சளி பிடிக்கவில்லையே?

பார்த்தீர்களா, எவ்வளவு நல்ல அழுத்தம். தோட்டத்துக் குழாயில் நீங்கள் மீட்டரை மாட்டியதும் முள் துள்ளிக்கொண்டு ஏறியது. நீங்களே இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தீர்கள். ஆக, தெருக் குழாயே போதும், வடக்கு அறை அறையாகவே இருக்கும், கதை சுபம்.

உங்களைக் கொஞ்சம் திட்டவும் வேண்டும். கூப்பிடாதீர்கள் என்று சொல்லியும் திங்கட்கிழமை கூப்பிட்டிருக்கிறீர்கள். குளிர்பதனப் பெட்டியின் மேல் ஓகுமா-சான் கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. "நகோயாக்காரர். ஒரு கிண்ணம், சூடாக. வியாழன் ஆறு மணி. இடம்: யுகினோஷிதா. எங்கே இருக்கிறது என்று விசாரிக்கவும்."

நீங்கள் வரப்போவது அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நல்லவேளை தெரிந்தது, வேண்டிய ஏற்பாடெல்லாம் செய்ய முடிந்தது. நீங்கள்தான் சாப்பிடாமல் பேருந்துக்கு ஓடிவிட்டீர்கள். ஓகுமா-சான் சீட்டைக் கிழிக்க விடமாட்டேன் என்கிறார். ஆர்டர் நிலுவையில் இருக்கிறதாம்.

மித்சுஎ


நகோயா
2018 ஜனவரி 6

இகராஷி-சான் அவர்களுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். பனியினால் அஞ்சல் தாமதம் என்று பயந்து தொலைபேசியில் கூப்பிட்டது என் தவறு. "சூடாவா, சில்லுனா?" என்று ஓகுமா-சான் கேட்டார். அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "சூடாக" என்றேன்.

என் தவறு அத்தோடு முடிகிறது. இனி தங்களுடையது.

வியாழக்கிழமை ஏழு மணிக்குப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். தங்கள் பக்கத்து வீட்டு வாசலில், பஞ்சு வைத்த மேல்சட்டையும் வெறுங்காலும் தோளில் துண்டுமாக ஒரு பெரியவர் பனியில் நின்றிருந்தார். எதிர்வீட்டைப் பார்த்து, "அந்த மீட்டர்க்காரன் போயிட்டானா இல்லையா?" என்று கத்தினார். நான்தான் அந்த மீட்டர்க்காரன் என்று அவருக்குத் தெரியவில்லை. "போயிட்டாரு" என்று நானே பதில் சொன்னேன். அடுத்த ஐந்து நிமிடத்தில் தெரு முழுவதும் குளியலறைப் புகைக்குழாய்கள் ஒன்றாகப் புகைந்தன.

நிறுத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கதவில், வீடு வீடாகச் சுற்றும் தங்கள் தெருச் சங்கத்தின் அறிவிப்பு அட்டை தொங்கியது. "வியாழன் மாலை ஐந்தரை முதல் ஏழு வரை யாரும் தொட்டி நிரப்ப வேண்டாம். யுகினோஷிதாவுக்காக." அடியில் முப்பத்திரண்டு வீட்டின் முத்திரையும் இருந்தது.

இகராஷி-சான், எனக்குக் கோபம் வந்தது. அதைவிட, நான் இருக்கும் கட்டடத்தில் எனக்காக இரண்டு பேர்கூடக் குளியலைத் தள்ளிப்போடமாட்டார்கள் என்றும் தோன்றியது. பேருந்தில் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே போனேன்.

பதினான்கு வருடமாக முதியோர் இல்லங்களுக்கு ஸ்பிரிங்க்ளர் வரைகிறேன். நான் வரைந்த ஒரு தெளிப்பான்கூட இதுவரை தீயைக் கண்டு திறந்ததில்லை. ஓய்வு பெறும்வரை அப்படியே போகவேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் ஒருநாள் ஒன்று திறந்தால், அது சாயங்காலம் ஆறு மணியாக இருந்தால், தீ வருகிறது யாரும் குளிக்காதீர்கள் என்று அட்டை சுற்றிக்கொண்டிருக்க முடியாது.

அந்த அளவில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். மன்னிக்கவும்.

கமியா ஷூஜி


கமிகினே
2018 ஜனவரி 14

கமியா-சான்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் கூரைப் பனியைத் தள்ளினேன். அவ்வளவு கோபம். தள்ளி முடிப்பதற்குள் கோபம் உங்கள்மேல் இல்லை என்று தெரிந்துபோயிற்று.

ஆமாம், நான்தான் செய்தேன். சங்கத் தலைவரிடம் போய்க் கேட்டவள் நான். அட்டையில் எழுதியதும் நான்தான். உங்களை ஏமாற்றுகிறேன் என்று அப்போது நினைக்கவேயில்லை. ஒரு பரீட்சை, எப்படியாவது பாஸ் பண்ணிவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். தீயைப் பற்றி யோசிக்கவே இல்லை. அதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஓகுமா-சானைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே வருவதற்கு முன் இரண்டு இல்லங்கள் அவரை வைத்துக்கொள்ள முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டன. விடியலில் எழுந்து பாத்திரங்களை உருட்டுகிறாராம், தொலைபேசியை விடமாட்டேன் என்கிறாராம். எங்களுக்கு அது தொல்லையாகத் தெரியவில்லை. ஒரு ஏப்ரானும் ஒரு சீட்டுப் புத்தகமும் கொடுத்தோம். இரண்டு வருடமாக இருக்கிறார். ஆனாலும் தினம் சாயங்காலம் செருப்பைப் போட்டுக்கொண்டு, "கடையைச் சாத்தியாச்சு, நான் வீட்டுக்குப் போறேன்" என்று வாசலுக்கு வருவார். உங்கள் வீடு இதுதான் என்று அறையைக் காட்டினால், "இது யாரோட ரூம்?" என்று கேட்பார். அவரை எப்படி மூன்றாவது முறை அனுப்புவேன்?

நீங்கள் சொல்வது சரி. சரியாக இருப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. மார்ச் கடைசிக்கு இன்னும் பதினோரு வாரம். ஏதாவது செய்யுங்கள்.

மித்சுஎ


நகோயா
2018 ஜனவரி 27

இகராஷி-சான்,

பதினோரு வழி வரைந்து பார்த்தேன். தரைக்கு அடியில் உயரம் போதாது. கூரைப் பரணில் வைத்தால் பனியின் பாரமும் தண்ணீரின் பாரமும் சேர்ந்து உத்தரம் முறியும். கூடத்தில் வைத்தால் சக்கர நாற்காலி திரும்பாது. என் மனைவி பன்னிரண்டாவது தாளைப் பிடுங்கிக்கொண்டு, "அந்த நூடுல்ஸம்மாவை நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடுங்களேன்" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

டிசம்பரில் எடுத்த புகைப்படங்களை நேற்று புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வடக்கு அறையின் சுவரை ஒட்டி, ஒரு முழ இடைவெளியில், பக்கத்து வீட்டுக்காரரின் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. தெருவில் எல்லாக் கூரையிலும் முழங்கால் உயரப் பனி. அதன் மேல் மட்டும் விரற்கடைதான். உள்ளே ஏதோ சூடு இருந்தால்தான் அப்படி உருகும்.

அது யாருடையது? உள்ளே என்ன இருக்கிறது?

கமியா ஷூஜி


கமிகினே
2018 பிப்ரவரி 6

கமியா-சான்,

நீங்கள் பனியில் பார்த்த வெறுங்கால் பெரியவருடையதுதான் அது. நெஸு-சான். நெடுஞ்சாலையில் பனி அள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். கொட்டகையில் இருப்பது அவருடைய சொந்தப் பனித்தள்ளு இயந்திரம். அதற்குச் சளி பிடித்துவிடும் என்று குளிர்காலம் முழுக்க ஹீட்டர் போட்டு வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்குள்கூட அவ்வளவு கதகதப்பு கிடையாது.

அவருக்கும் எங்களுக்கும் ஆகாது. எங்கள் ஆட்கள் இலையுதிர்காலத்தில் அவருடைய மரத்துப் பெர்சிமன் பழங்களைப் பறித்துவிட்டார்கள் என்று மூன்று வருடமாக என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அன்று அட்டையில் முத்திரை போட்டதுகூடச் சங்கத் தலைவரின் முகத்துக்காகத்தான்.

இருந்தாலும் போனேன். அரிசி அப்பம் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு, கூடவே ஓகுமா-சானையும் அழைத்துக்கொண்டு. நான் தொட்டி, பம்ப், ஒன்றரைப் பாய் என்று சொல்லிக்கொண்டே போக, அவர் பெட்டியைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "டைரக்டரம்மா, முப்பது வருஷம் எந்தப் பனியில வண்டி ஓட்டிட்டு வந்தாலும் ஆறு மணிக்குக் குளிச்சவன் நான். என் பொண்டாட்டி போன அன்னிக்கும் ஆறு மணிக்குத்தான் குளிச்சேன், அவதான் தினம் தண்ணி வச்சுத் தருவா. அந்த மனுஷனை நீங்க அன்னிக்கு வாசல்ல நிக்க வச்சீங்க."

மன்னிப்புக் கேட்டேன். பெட்டியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினேன். அப்போது ஓகுமா-சான் சீட்டுப் புத்தகத்தை எடுத்து, "ஐயாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

நெஸு-சான் சீட்டுப் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "குளியல்" என்றார். ஓகுமா-சான் அதையும் எழுதிக்கொண்டார். "எத்தனை மணிக்கு?" "ஆறு மணிக்கு." "தினமுமா?" "தினமும்."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "கொட்டகையில கிழக்கு மூலையை எடுத்துக்குங்க. இனிமே குளிக்காதேன்னு ஒரு அட்டை வந்துச்சுன்னா கிழிச்சு அடுப்புல போட்டுடுவேன். ஹீட்டர் எப்படியும் எரியுது, உங்க தண்ணியும் காயட்டும்."

ஒப்புதல் கடிதத்தில் முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார், இத்துடன் இணைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அழுதேன். ஓகுமா-சான் எனக்கு ஒரு கிண்ணம் ஆர்டர் எழுதிக்கொண்டார்.

மித்சுஎ


நகோயா
2018 பிப்ரவரி 13

இகராஷி-சான்,

முத்திரை வைத்த தாளைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டலாமா என்று யோசித்தேன். தீயணைப்பு நிலையத்துக்கு மூலப்பிரதி வேண்டுமாம்.

புது வரைபடம் இத்துடன் இருக்கிறது. தொட்டியும் பம்ப்பும் கொட்டகையில். குழாய் அந்த ஒரு முழ இடைவெளியைத் தாண்டும் இடத்தில் உறையாமலிருக்க மின்சாரச் சூட்டுப் பட்டை சுற்றிவிடுவோம். மின்சாரம் போனாலும் பம்ப் ஓட பேட்டரி உண்டு. வடக்கு அறையில் கூரையில் ஒரு தெளிப்பானைத் தவிர ஒன்றும் மாறாது. வரைபடத்தில் அந்த அறைக்கு எண் போடவில்லை. ஓகுமா என்று எழுதியிருக்கிறேன்.

மார்ச் 15, வியாழன், மாலை ஆறு மணிக்கு இறுதிச் சோதனை. தீயணைப்பு அதிகாரியும் வருவார். தங்களிடம் ஓர் உதவி வேண்டும். தயவுசெய்து அட்டையை மறுபடி சுற்றுக்கு விடுங்கள். இந்த முறை, எல்லோரும் ஆறு மணிக்குக் குளியல் தொட்டியைத் திறக்க வேண்டும். சமையலறைக் குழாய், துணி துவைக்கும் இயந்திரம், எது இருந்தாலும் திறக்கலாம். தெருக் குழாயில் ஒரு சொட்டு மிஞ்சக்கூடாது.

கமியா ஷூஜி


கமிகினே
2018 மார்ச் 17

கமியா-சான்,

நீங்கள் அன்று உள்ளே மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். தெருவில் நடந்ததைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சங்கத் தலைவர் கைக்கடிகாரத்தோடு நடுத்தெருவில் வந்து நின்றார். ஆறானதும் கையை இறக்கினார். முப்பத்திரண்டு வீட்டிலும் தண்ணீர் இரைந்தது. மூன்றாவது வீட்டு அம்மா கார் கழுவ ஆரம்பித்துவிட்டார், அந்தப் பனியில். பல் டாக்டர் வீட்டில் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினார்களாம். இரண்டே நிமிடத்தில் எங்கள் தோட்டத்துக் குழாய் நூலாகி, நூலும் சொட்டாகிவிட்டது. நான் நவம்பரில் எழுதியதை யாரோ ஊருக்கே நாடகம் போட்டுக் காட்டியது மாதிரி இருந்தது.

அப்போதுதான் கொட்டகையிலிருந்து பம்ப் உறுமும் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து அந்த அதிகாரி, "வருது, வருது, நல்லா வருது" என்று சொல்வதும் கேட்டது. நெஸு-சான் குளியலறை ஜன்னலைத் திறந்து ஈரத் தலையை நீட்டினார். "என்னாச்சு?" என்று கேட்டார். வருகிறது என்றேன். "என் தொட்டிதான் நிரம்பல" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். அவர் பாடி நான் கேட்டதே இல்லை.

பத்து நிமிடம் முழுக்க ஓடியது, முள் அசையவில்லை, முத்திரை விழுந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். முத்திரை விழுந்தபோது நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்ததை நான் பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது.

அப்புறம் அந்தக் கிண்ணம். குளிர்பதனப் பெட்டியில் மூன்று மாதமாக ஒட்டியிருந்த சீட்டை ஓகுமா-சான் தானே கிழித்து எடுத்துவந்து உங்கள் முன்னால் வைத்தார். "மூணு மாசம் கழிச்சு வர்றீங்களே ஐயா, நூடுல்ஸ் ஊறிப்போயிடாதா?" என்று அவர் கேட்டதற்கு நீங்கள் எழுந்து நின்று தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டீர்கள் பாருங்கள், எங்கள் ஊரில் இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்பது பேரும் நலம். ஒன்பது பேரும் இங்கேயே.

மித்சுஎ


நகோயா
2018 செப்டம்பர் 3

இகராஷி-சான்,

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய சோதனைக்கு இந்த மாதம் வருகிறேன். இதற்கு எங்கள் அலுவலகத்தில் வேறு ஆள் இருக்கிறார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் மனைவியும் உடன் வருகிறாள். நெஸு-சானின் பெர்சிமன் மரத்தைப் பார்க்க வேண்டுமாம், தொடமாட்டாள் என்று சொல்லிவிடுங்கள்.

தேதியைத் தெரிவிக்க நேற்று தொலைபேசியில் கூப்பிட்டேன். இம்முறை அது தவறு இல்லை, வேண்டுமென்றேதான் கூப்பிட்டேன். தாங்கள் எடுத்துவிடக்கூடாதே என்றுதான் பயந்தேன். இரண்டாவது மணியில் ஓகுமா-சான் எடுத்துவிட்டார்.

"சூடாவா, சில்லுனா?"

"சூடாக. இரண்டு கிண்ணம். இருபதாம் தேதி, வியாழன், ஆறு மணிக்கு."

"எங்கே கொண்டாந்து தரணும்?"

"யுகினோஷிதா. வடக்கு அறை."

எழுதும் சத்தம் நின்றுவிட்டது. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"வடக்கு ரூமா?" என்றார். "அது என் ரூமாச்சே. கொண்டாந்து தர்றது என்ன, நேரா வீட்டுக்கே வந்துடுங்க."

கமியா ஷூஜி